கண்டிப்பான பள்ளியா, மார்க்குத் தரும் பள்ளியா?
கல்லூரி வாசலில் மாறும் கணக்கு: எல்லையோரத் தமிழ்ப் பெற்றோர் அறிய வேண்டியவை

மே மாதம் பிறந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். பையனை எந்தப் பள்ளியில் போடுவது? அதே பேச்சு மலைக்கு மேலே மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியார் லயங்களிலும் நடக்கிறது. "அந்த ஸ்கூல்ல போடுங்க, பெண்டு நிமித்திடுவாங்க, பையன் இஞ்சினீயராத்தான் வெளியே வருவான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். "எதுக்குங்க அவ்வளவு கஷ்டம்? நம்ம கவர்ன்மெண்ட் ஸ்கூல்லயே ஏ பிளஸ் வாங்கலாமே" என்பார் எதிர்வீட்டுக்காரர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரியாமல் சீட்டுப் பணத்தை எடுத்தும், நகையை அடகு வைத்தும் பீஸ் கட்டுகிறவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள்.

கண்டிப்பான பள்ளியில் படித்தால் கல்லூரியில் சுலபமாக இடம் கிடைக்குமா என்பதே கேள்வி. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2025 ஜூலையில் கேரளத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரே பரீட்சை, இரண்டு பட்டியல்

கேரளத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆள் எடுப்பது 'கீம்' என்னும் நுழைவுத் தேர்வின் வழியாக. ஆனால் அந்தத் தேர்வு மட்டும் போதாது. மொத்தம் 600 மார்க்கில் 300 நுழைவுத் தேர்வுக்கு. மீதி 300 பிளஸ் டூவில் வாங்கிய கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்குகளுக்கு. சிக்கல் இந்த இரண்டாவது பாதியில்தான். ஒரு பிள்ளை ஸ்டேட் சிலபஸ், இன்னொரு பிள்ளை சி.பி.எஸ்.இ. இரண்டு போர்டுகளும் தனித்தனியே கேள்வித்தாள் போடுகின்றன, தனித்தனியே திருத்துகின்றன. ஒரு போர்டில் வாங்கிய 95-ம் இன்னொரு போர்டில் வாங்கிய 95-ம் ஒன்றாகுமா?

இதைச் சமன் செய்ய அங்கே பல ஆண்டுகளாக ஒரு முறை இருந்து வந்தது. ஒவ்வொரு போர்டிலும் மாணவர்கள் வாங்கிய மார்க்கின் சராசரி என்ன, அந்தச் சராசரிக்கு மேலும் கீழும் மார்க்குகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று பார்ப்பார்கள். தாராளமாக மார்க்குப் போடும் போர்டில் 95 வாங்கியவன் கூட்டத்தோடு நிற்பவன். இறுக்கிப் பிடிக்கும் போர்டில் அதே 95 வாங்கியவன் கூட்டத்தை விட்டு வெகுதூரம் முன்னே போனவன். ஆகவே முதலாமவனுக்கு மார்க்கு குறையும். இந்த முறையில் தங்கள் பிள்ளைகளின் மார்க்கு வெட்டுப்படுகிறது என்று ஸ்டேட் சிலபஸ் பெற்றோர்கள் நெடுநாளாகவே புகார் சொல்லி வந்தனர்.

2025 ஜூலை 1-ஆம் தேதி கேரள அரசு இந்த முறையை மாற்றியது. புதிய முறை தமிழ்நாட்டில் வழக்கத்தில் இருப்பதைப் போன்றது. ஒவ்வொரு போர்டிலும் ஒரு பாடத்தில் யார் அதிக மார்க்கோ, அதை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவர்களின் மார்க்கை அதே விகிதத்தில் உயர்த்துவது. ஒரு போர்டில் முதல் மார்க்கு 95, ஒரு மாணவன் வாங்கியது 70 என்றால் அது 73.68 ஆகக் கணக்கில் வரும். சராசரி என்ற பேச்சே இல்லை. இதோடு, அதுவரை மூன்று பாடங்களுக்கும் சமமாக இருந்த மதிப்பை மாற்றி, கணக்குக்கு 5 பங்கு, இயற்பியலுக்கு 3, வேதியியலுக்கு 2 என்றும் ஆக்கினார்கள். அன்றைய தினமே முடிவுகளும் வெளிவந்தன.

முதல் 100 இடங்களில் 43 பேர் ஸ்டேட் சிலபஸ், 55 பேர் சி.பி.எஸ்.இ. ஸ்டேட் சிலபஸ் வீடுகளில் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் பத்து நாள்கூட நீடிக்கவில்லை. சி.பி.எஸ்.இ. மாணவர் தரப்பு கோர்ட்டுக்குப் போயிற்று. பரீட்சை முடிந்து, முடிவு வெளிவரும் நேரத்தில் விதியை மாற்றியது செல்லாது என்று ஜூலை 9-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் அரசின் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அன்றே பழைய முறைப்படி புதுப் பட்டியல் வந்தது. முதல் 100 பேரில் ஸ்டேட் சிலபஸ் 21 பேராகக் குறைய, சி.பி.எஸ்.இ. 79 பேராக உயர்ந்தது. முதல் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் ஏழாம் இடத்துக்கு இறங்கினார். ஐந்தாம் இடத்தில் இருந்தவர் முதலிடத்துக்கு ஏறினார். ஜூலை 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டுச் சேர்க்கையில் தலையிட மறுத்துவிட்டது.

இதில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. ஜூலை 1-க்கும் 10-க்கும் இடையில் எந்தப் பிள்ளையும் புதிதாக ஒரு வரி படிக்கவில்லை, படித்ததை மறக்கவும் இல்லை. அதே தாள், அதே மார்க்கு. எடை போடும் தராசு மட்டுமே மாறியது. நீதிமன்றம் சொன்னது நியாயம்தான். ஓட்டப் பந்தயம் முடிந்த பிறகு எல்லைக் கோட்டை நகர்த்தக் கூடாது. ஆனாலும் முதல் பட்டியலைப் பார்த்து இன்ன கல்லூரி என்று மனத்தில் எழுதிக்கொண்ட பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நாளைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

தமிழ்நாட்டுத் தராசு வேறு

வாளையாரைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 1984 முதல் இருந்து வந்த பொது நுழைவுத் தேர்வு 2006-இல் இயற்றிய சட்டத்தால் நீக்கப்பட்டது. பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மார்க்கு மட்டுமே அடிப்படை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200 கட்-ஆப்.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவன் பாலக்காட்டில் கடினமான சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் படித்து மூன்று பாடத்திலும் 85 வாங்கினான். மற்றவன் சாதாரணப் பள்ளியில் ஸ்டேட் சிலபஸ் படித்து மூன்றிலும் 95 வாங்கினான். இரண்டு போர்டிலும் முதல் மார்க்கு 100 ஆக இருந்துவிட்டால் அங்கே உயர்த்துவதற்கு ஒன்றுமில்லை. முதலாமவனுக்கு 170, இரண்டாமவனுக்கு 190. கோவையிலும் சென்னையிலும் உள்ள நல்ல அரசுக் கல்லூரிகளுக்கு 190-உம் 170-உம் மலையும் மடுவும். கண்டிப்பான பள்ளிக்குக் கட்டிய பீஸ் இந்த வாசலில் செல்லாக் காசு. சொல்லப்போனால் பாதகமாகவே முடிந்தது.

அதே இரு பிள்ளைகளும் கஞ்சிக்கோட்டில் 2015-இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யின் வாசலுக்குப் போனால் நிலைமை தலைகீழாகும். அங்கே ஜே.இ.இ. மெயின், அட்வான்ஸ்டு என்று இரண்டு பரீட்சை எழுதியாக வேண்டும். பிளஸ் டூ மார்க்கு உள்ளே நுழையத் தகுதி உண்டா என்று பார்ப்பதற்கு மட்டுமே. ஒரு கணக்கை ஏழு வழியில் திருப்பிக் கேட்டாலும் போடத் தெரிந்தவன்தான் தேறுவான். மருத்துவத்துக்கு நீட் பரீட்சையும் அப்படியே. பொதுப் பிரிவினருக்கு பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் நீட் மார்க்குதான்.

ஆக மார்க்கை மட்டும் பார்க்கும் வாசல், பரீட்சையை மட்டும் பார்க்கும் வாசல், இரண்டையும் பாதிப் பாதி பார்க்கும் வாசல் என்று மூன்று விதம். கடினமான பள்ளி முதல் வாசலில் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளக் கூடும். இரண்டாவதில் கைகொடுக்கும். மூன்றாவதில், எந்தக் கணக்கு முறை அந்த ஆண்டு அமலில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

டில்லியில் மூடிய கதவு

இது கேரளத்துக்கு மட்டும் உரிய சங்கடமன்று. 2021-இல் டில்லிப் பல்கலைக் கழகத்தில் பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்த்தார்கள். இந்துக் கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் பி.ஏ. ஆனர்ஸுக்குக் கட்-ஆப் 100 சதவீதம்! பொதுப் பிரிவில் இருந்த இடங்களோ சுமார் 20. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் 100 சதவீதத்தோடு வந்து நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேரள ஸ்டேட் போர்டுக்காரர்கள். அந்த ஊர்ப் பேராசிரியர் ஒருவர் இதைச் சதி என்பதுபோல மதச் சாயலோடு பேசிப் பலத்த கண்டனத்துக்கு ஆளானார். கட்-ஆப்பை நிர்ணயித்தது கல்லூரி. அதை எட்டிப் பிடித்த பிள்ளைகளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

அடுத்த ஆண்டே, 2022-இல், 'சி.யூ.இ.டி.' என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்தது. மார்க்கு இருந்தால் போதும் என்றிருந்த கதவு மூடிக்கொண்டது. பிளஸ் ஒன்னில் சேரும்போது ஒரு விதி, பிளஸ் டூ முடிக்கும்போது வேறு விதி.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1997-இல் ஒரு சட்டம் செய்தது. எந்த உயர்நிலைப் பள்ளியானாலும் சரி, அங்கே முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக் கழகங்களில் இடம் நிச்சயம். ஏழைகள் படிக்கும் பள்ளியில் முதலில் வந்தவனுக்கும் அந்த உரிமை கிடைத்தது. சில பெற்றோர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போட்டி அதிகமுள்ள பள்ளியில் பிள்ளையைப் போடாமல், போட்டி குறைந்த பள்ளிக்கு மாற்றினார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். கெட்டிக்காரப் பெற்றோர் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள்!

கண்டிப்பிலும் இரண்டு வகை

கண்டிப்பான பள்ளி என்று நம் மக்கள் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. விடியற்காலை எழுப்பி, இரவு வரை உட்காரவைத்து, புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பிக்க வைப்பதும் கண்டிப்புத்தான். கணக்கின் அடிப்படையை விளக்கி, தானாக யோசிக்க வைத்து, தப்புப் போட்டால் ஏன் தப்பு என்று கேட்பதும் கண்டிப்புத்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

முதல் வகைக்கு நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் ஒரு காலத்தில் பேர் பெற்றவை. பாலக்காட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும்கூடப் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுண்டு. அப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தினார்கள். மார்க்கு மலையாகக் குவிந்தது. ஆனால் கல்லூரிக்குப் போனதும் முதல் ஆண்டுக் கணக்கிலேயே தடுக்கி விழுந்தார்கள். அகில இந்தியப் பரீட்சைகளிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வரும் கேள்விகளைப் பார்த்து விழித்தார்கள். இதைத் தடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 2017-18 கல்வி ஆண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையின்படி அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பழக்கம் திரும்பாமலிருக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், "பிளஸ் ஒன் பாடத்தை முழுசா நடத்துவீங்களா?" என்று நேருக்கு நேர் கேட்பதில் தப்பே இல்லை.

கேரளத்தின் நிலைமை இன்னொரு விதம். 2025-இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் தேறியவர்கள் 99.5 சதவீதம். எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் மட்டும் 61,449 பேர். அதே ஆண்டு பிளஸ் டூவில் தேறியவர்கள் 77.81 சதவீதம்தான். பத்தாவதில் எல்லாரையும் சுமந்து வந்த பஸ், பிளஸ் டூ மேட்டில் பலரை இறக்கிவிட்டுப் போகிறது. எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கை வைத்துப் பிள்ளையின் பலத்தை எடை போட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. அரசும் இதை உணர்ந்து, எழுத்துத் தேர்வில் குறைந்தபட்சம் 30 சதவீதம் வாங்க வேண்டும் என்ற விதியை 2024-25-இல் எட்டாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கியது.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இந்த மேடு இன்னும் செங்குத்து. பத்தாம் வகுப்பு வரை தமிழில் கணக்கும் விஞ்ஞானமும் படித்த தோட்டத் தொழிலாளியின் மகள், பிளஸ் ஒன் சயன்ஸ் குரூப்பில் சேர்ந்த முதல் நாள் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரிக்கிறாள். வாத்தியார் விளக்கம் சொல்வது மலையாளத்தில். ஒரே சமயத்தில் மூன்று பாஷை. அவளுக்குப் புத்தி குறைவில்லை. முதல் ஆறு மாதம் பாஷையிலேயே போய்விடுகிறது. எட்டாம் வகுப்பு முதலே விஞ்ஞானச் சொற்களை ஆங்கிலத்திலும் பழகிவைத்தால் பாதி பாரம் குறையும். நீட், ஜே.இ.இ. மெயின் ஆகியவற்றைத் தமிழிலும் எழுதலாம்; ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

எல்லையோரம் இருப்பதன் நஷ்டம்

தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் 1956-இல் கேரளத்தோடு போயின. சித்தூர்ப் பக்கம் அதுவரை சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவுக்கும் கொச்சி சமஸ்தானத்து மண்ணுக்கும் இடையே கலந்து கிடந்தது. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோட்டின் விலையைப் பிள்ளைகள் சேர்க்கைப் பாரத்தில் கொடுக்கிறார்கள்.

ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தேறுவதே சிரமம் என்று ஒதுக்கப்பட்ட பள்ளிகள் இதனால் திடீரென்று சாதகமாகிவிட்டன. ஆனால் மூணாற்றில் கேரள அரசின் தமிழ்ப் பள்ளியில், அதைவிடக் கஷ்டத்தில் படித்த பிள்ளைக்கு இது கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் போடிக்கோ கம்பத்துக்கோ கொண்டுபோய் அரசுப் பள்ளியில் சேர்த்தாலும், ஆறு முதல் எட்டு வரை படித்தது கேரளத்தில் என்பதால் கதவு திறக்காது. முடிவு செய்ய வேண்டியது ஐந்தாம் வகுப்பு முடியும்போது. அந்த வயதில் எந்தத் தகப்பன் மருத்துவக் கல்லூரியைப் பற்றி யோசிக்கிறான்?

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலும் எட்டு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்று கேட்கிறார்கள். வெளி மாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை பிறப்பிடச் சான்றிதழ் தர வேண்டும். மூன்று தலைமுறைக்கு முன்னே ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு அது லேசில் கிடைக்காது. இந்தப் பக்கமோ, தாழ்த்தப்பட்டோர் சலுகைக்கு 1950-க்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். எத்தனை நல்ல பள்ளியில் படித்தாலும் இந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

எல்லையோரம் இருப்பதில் லாபமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் ஜவாஹர் நவோதய வித்யாலயம் தமிழ்நாட்டில் 2025 வரை ஒன்றுகூட இல்லை. கேரளத்தில் ஜில்லாவுக்கு ஒன்று உண்டு. பாலக்காட்டுக்கு மலம்புழாவில், இடுக்கிக்குக் குளமாவில். ஆறாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, புத்தகம் உண்டு. பெரும்பகுதி இடங்கள், அதாவது 75 சதவீதம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு. அந்தந்த ஜில்லாவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவர்கள் பரீட்சை எழுதலாம். அடகு வைக்காமல் கிடைக்கும் கடினமான படிப்பு இதுதான். ரயில்வே முதலிய மத்திய அரசு உத்தியோகஸ்தர்களுக்கு பாலக்காட்டிலும் கஞ்சிக்கோட்டிலும் கேந்திரிய வித்யாலயங்கள் இருப்பது தெரிந்ததே. நவோதயப் பரீட்சை மட்டும் லயங்களில் பலருக்குத் தெரிவதில்லை.

எல்லாப் பிள்ளைகளும் இஞ்சினீயரிங்குக்கும் டாக்டருக்கும் போகப் போவதில்லை. சித்தூர் அரசுக் கல்லூரியிலோ மூணாறு அரசுக் கல்லூரியிலோ தமிழோ பொருளாதாரமோ படித்து, பி.எஸ்.சி. எழுதி உத்தியோகம் பார்ப்பவர்களும் நம்மில் உண்டு. அங்கே சேர்க்கை பெரும்பாலும் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துத்தான். அந்தப் பிள்ளைக்குத் தொலைவில் உள்ள விடுதிப் பள்ளியின் கெடுபிடி தேவையே இல்லை. வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு பக்கத்துப் பள்ளியில் 90 வாங்கினால் போதும். மாறாக, பிள்ளைக்குக் கணக்கில் உண்மையான பிடிப்பு இருந்து, அகில இந்தியப் பரீட்சைக்குப் போகத் துணிந்தால், மார்க்கு ஐந்தாறு குறைந்தாலும் கடினமான பள்ளியே நல்லது.

'கீம்' தேர்வுக்கும் தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கும் ஒவ்வோர் ஆண்டும் தனித்தனி விளக்கக் கையேடு வருகிறது. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த விதியே இந்த வருடமும் இருக்கும் என்று எண்ணாமல், அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் படித்த ஒருவரிடம் காட்டி, மார்க்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற பக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மாநிலத்திலும் விண்ணப்பிக்க உத்தேசம் இருந்தால், எட்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று, டி.சி. நகல், பெற்றோர் பிறந்த ஊர்ச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். முடிவு வந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடினால், அங்கே ஏற்கெனவே பாதி ஊர் வரிசையில் நிற்கும்.